உப்புத்தாளுக்கு ஒரு பாட்டு, பிரஷ்ஷுக்கு ஒரு பாட்டு

மினியேச்சர் காரும் லாரியும் செய்கிற யாரிடமாவது “வேலை நேரத்தில் என்ன கேட்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். தனக்குப் பிடித்த பாட்டைத்தான் சொல்வார். கேரள எல்லையை ஒட்டிய எங்கள் செங்கோட்டைப் பக்கம் பெரும்பாலும் இளையராஜா. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு தாண்டினால் மலையாள மெலடி, கொஞ்சம் செண்டை. இருபது வயதுப் பையன்கள் என்றால் டூரிஸ்ட் பஸ் டி.ஜே. பிடித்த பாட்டு வேறு, கைவேலைக்கு ஒத்துவரும் பாட்டு வேறு என்பது என் கட்சி. மேசையில் இப்போது என்ன வேலை நடக்கிறது என்பதுதான் பாட்டைத் தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்கள் செய்வது பெட்டியில் வரும் கிட் மட்டும் அல்ல. தமியா, இடலேரி நிறுவனங்களின் 1/24 அளவு (நிஜ வண்டியில் இருபத்துநான்கில் ஒரு பங்கு) கிட்களை இணையத்தில் வரவழைத்து ஒட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் புளியரை எஸ் வளைவில் தினம் ஏறி இறங்கும் லேலண்டும் டாடாவும் எந்த வெளிநாட்டுப் பெட்டியிலும் வராது. அதனால் போம் ஷீட்டை வெட்டி, பட்டி பார்த்து, தேய்த்து, கேபினில் இருந்து பின்பக்கத் தொங்கல் சங்கிலி வரை கையாலேயே செய்கிறார்கள். வெட்டுவது, தேய்ப்பது, ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது, எழுதுவது, காயக் காத்திருப்பது என்று வேலை ஆறு வகை. ஒவ்வொன்றும் கையிடம் கேட்பது வேறு. ஒரே பிளேலிஸ்ட் எல்லாவற்றுக்கும் எப்படிச் சரிவரும்?

முதலில் பெரிய போட்டியை எடுத்துக்கொள்வோம். ராஜாவின் எண்பதுகள் ஒரு பக்கம், வாய்ப்பாட்டே இல்லாத கருவி இசை மறுபக்கம்.

ராஜா பாட்டை வேலை நேரத்தில் கேட்கலாமா என்று இந்த மாவட்டத்தில் கேட்பதே குற்றம் என்று தெரியும். வாதம் என்னவென்றால், “எல்லாப் பாட்டும் மனப்பாடம், அதனால் கவனம் சிதறாது.” பாதி உண்மை. புதுப் பாட்டில் அடுத்த வரி என்ன என்று காது தேடும். கிட்டின் வரைபடத்தைப் படிக்கும்போதோ, பலகை அளவுகளைக் கணக்குப் போடும்போதோ வார்த்தை குறுக்கே வந்தால் எண் மறந்துபோகும். மனப்பாடமான பாட்டில் அந்தத் தொல்லை குறைவுதான். ஆனால் ராஜாவிடம் ஆபத்து வரியில் இல்லை, இடையிசையில் இருக்கிறது. பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் பேஸ் கிட்டார் ஒரு பக்கம் நடக்கும், வயலின்கள் வேறு பக்கம் எழும்பும். ஆயிரம் முறை கேட்டிருந்தாலும் கை நின்றுவிடும். கத்தி பாதி வெட்டில் நிற்பது பரவாயில்லை. நம்பர் பிளேட் எழுதும் மிக மெல்லிய 000 பிரஷ் பாதிக் கோட்டில் நின்றால் அந்த இடத்தில் பெயின்ட் குண்டாகத் தேங்கும்.

வாய்ப்பாட்டு இல்லாமல் அவரே போட்ட ஆல்பங்கள் இருக்கின்றனவே என்பார்கள். 1986 இல் வந்த ‘ஹௌ டு நேம் இட்’ அப்படி ஒன்று. வரி இல்லை, சரி. ஆனால் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் சாயலும் கர்நாடக ராகமும் ஒன்றையொன்று துரத்துகிற இசை அது. அதைப் பின்னணியில் ஓடவிட்டு வேலை செய்வது, அந்த இசைக்கும் மரியாதை இல்லை, வேலைக்கும் மரியாதை இல்லை.

மெல்லிய கோடு இழுக்கும் நேரத்துக்கு என் தேர்வு ராக ஆலாபனை. வீணை, வயலின், புல்லாங்குழல் எதுவானாலும் சரி. காரணம் எளிமையானது. ஆலாபனைக்குத் தாளக்கட்டு கிடையாது. தாளம் இருந்தால் உடம்பு தன்னை அறியாமல் அதற்கு அசையும். கால் தட்டும், கால் தட்டினால் முழங்கை ஆடும், முழங்கை ஆடினால் 1/24 அளவில் ‘சவுண்ட் ஹார்ன்’ எழுத்து கோணும். ஆலாபனை மூச்சுப் போக்கில் போகிறது. பிரஷ் பிடித்தவரும் மூச்சை அடக்கி, விட்டு, அடக்கித்தான் கோடு போடுகிறார். இரண்டும் இடிக்காது. அதே கச்சேரியில் மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவது நல்லது. மிருதங்கத்துக்கு எதிராகக் கோடு இழுத்து ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

நாதஸ்வரம்? எங்கள் பழைய திருநெல்வேலி ஜில்லாக்காரர் காருகுறிச்சி அருணாசலத்தின் பதிவுகளை விட்டுக்கொடுக்க மனம் வராது. ஆனால் கோயில் பிராகாரத்துக்கும் தெருவுக்கும் உண்டான வாத்தியம் அது. பத்துக்குப் பத்து அறையில், தின்னர் வாடையோடு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டால் பாதி உயிர் போய்விடுகிறது. கேபினைத் துடைத்து அலமாரியில் வைக்கும் நாளுக்கு அதை ஒதுக்கி வைக்கலாம்.

அடுத்தது தேய்க்கும் வேலை. இங்கேதான் தாளம் வேண்டும். 400 உப்புத்தாளில் தொடங்கி 800, 1500 என்று ஏறி, கடைசியில் 2000 தண்ணீர்த்தாள் வரை போவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரைந்துவிடும். தாளம் இல்லாமல் தேய்த்தால் சலிப்பு வந்து பட்டி மேடு அப்படியே நிற்கும். பிரைமர் அடித்த பிறகுதான் அது பல்லைக் காட்டும்.

இந்த வேலைக்கு இரண்டு போட்டியாளர்கள். மலைக்கு அந்தப் பக்கம் செண்டையில் வாசிக்கும் பஞ்சாரி மேளம், இந்தப் பக்கம் காவடிச்சிந்து.

பஞ்சாரி திருச்சூர் வட்டாரத்துச் சொத்து. பெருவனம் போன்ற கோயில்களில் முழுதாக நடந்தால் மணிக்கணக்கில் போகும். ஐந்து காலம், அதாவது ஐந்து வேகக் கட்டம். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், அதாவது தாள எண்ணிக்கை. அடுத்தடுத்து 48, 24, 12 என்று பாதி பாதியாகக் குறைந்து கடைசியில் ஆறில் வந்து நிற்கும். செண்டை, இலத்தாளம், கொம்பு, குழல் எல்லாம் சேர்ந்து வேகம் கூடிக்கொண்டே போகும். தேய்க்கிறவருக்கு இது வரமும் சாபமும். முதல் இரண்டு காலத்தில் கை அகலமாக, பொறுமையாக ஓடும். 400 தாளுக்கு அது கச்சிதம். நான்காம் காலம் வரும்போது கை மேளத்தோடு ஓட ஆரம்பிக்கும், அழுத்தம் கூடும், பானெட்டின் விளிம்பு வட்டமாகி மழுங்கும். முனை மழுங்கிய லேலண்ட் சோப்புக்கட்டி போலத்தான் இருக்கும். ஆகவே மூன்றாம் காலம் முடிந்ததும் நிறுத்திவிட்டுத் தாளை மாற்றுவது உத்தமம். கடைசிக் காலத்தின் கொண்டாட்டத்தை டயர் மாட்டும் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எதுவும் மழுங்காது.

காவடிச்சிந்துக்கு இந்த ஏற்றம் இறக்கம் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் தந்த வடிவம், காவடி தூக்கி நடக்கிறவரின் கால் நடைக்காகவே பிறந்தது. ஒரே நடை கடைசி வரை. மைல்கணக்கில் நடப்பவரைக் களைக்காமல் வைக்கிற நடை, மணிக்கணக்கில் தேய்ப்பவரையும் களைக்காமல் வைக்கும். எதுகை மோனை துள்ளும் வரிகள்தான், ஆனால் தேய்க்கும்போது படிக்கவோ எண்ணவோ எதுவும் இல்லையே, வரி என்ன செய்துவிடும்? தரத்தில் எது உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. உப்புத்தாள் கையில் இருக்கும்போது காவடிச்சிந்து ஜெயிக்கிறது. நையாண்டி மேளம் இதில் மூன்றாவது இடம், அதன் துள்ளலுக்கு எழுந்து ஆடத்தான் தோன்றும்.

ஒட்டும் வேலைக்குப் பாட்டு ஒரு கடிகாரம். ஐந்து நிமிட எப்பாக்சியைக் கலந்துவிட்டால் ஒரு சினிமாப் பாட்டு முடிவதற்குள் சேஸிஸில் அச்சை வைத்து நேராக்கிவிட வேண்டும், அப்புறம் அது நம் பேச்சைக் கேட்காது. இதற்குப் பழைய இசைத்தட்டுப் பதிவுகளைப் பயன்படுத்தலாம். செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா 1933 இல் இருபத்தேழு வயதிலேயே போய்விட்டார். அவர் பாடிய 78 சுற்றுத் தட்டுகளில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும். அந்த உச்சஸ்தாயி ஓய்வதற்குள் அச்சு நின்றாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பிறகு திருத்தவும் கொஞ்சம் நேரம் மிஞ்சும். ஊர்க்காரர் என்ற பெருமை தனி.

இனி மலையாளப் பாட்டு. வரி கவனத்தைக் கலைத்தால் புரியாத மொழிப் பாட்டு கேளுங்கள் என்பது பல ஊர்களில் சொல்லும் யோசனை. இங்கே அது செல்லாது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் செங்கோட்டை. இன்றைக்கும் பாதி வீடுகளில் புனலூரிலோ கொல்லத்திலோ ஒரு சொந்தம் இருக்கிறது. மலையாள வரி தமிழ் வரி மாதிரியே காதுக்குள் இறங்கிவிடும். ஒரு வித்தியாசம் உண்டு. பழைய மலையாள மெலடிகளில் வாத்தியக் கூட்டம் குறைவு, குரல் ஒரே சீராகப் போகும். அதனால் நடுத்தர வேலைகளுக்கு, அதாவது ஜன்னல் கம்பி வெட்டுவது, இருக்கைக்கு ரெக்சின் ஒட்டுவது, எல்.ஈ.டி. வயர் இழுப்பது போன்றவற்றுக்கு, ராஜாவைவிட அது பொருந்துகிறது. இதைச் சொன்னதற்காக என்னை மாநில எல்லையான கோட்டைவாசல் தாண்டி அனுப்பிவிடாதீர்கள்.

டூரிஸ்ட் பஸ் டி.ஜே. கலவையைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் 2022 இல் டூரிஸ்ட் பஸ்களுக்கு வெள்ளை நிறம் கட்டாயமானது. அதற்கு முன் பஸ்ஸின் உடம்பு முழுக்க இருந்த படங்களும் பெயர்களும் ரோட்டில் மறைந்து மினியேச்சர்களில் குடியேறிவிட்டன. அந்தப் பஸ்ஸைச் செய்கிற பையனுக்கு அந்த ஸ்பீக்கர் அதிர்வுதான் உந்துதல். அது நியாயம். ஆனால் உந்துதலுக்குக் கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும். வூஃபரை வேலை மேசையிலேயே வைத்து ஈர பெயின்ட் அடித்த பஸ்ஸைப் பக்கத்தில் காய வைத்தால் மேசைத் தூசி முழுக்க எழும்பி அதில்தான் உட்காரும்.

உந்துதல் என்று வந்தால், செய்யும் வண்டியின் காலத்துப் பாட்டைக் கேட்பது எல்லாவற்றையும்விடச் சக்தி வாய்ந்தது. அமெரிக்கர்களுக்கு இதில் வசதி அதிகம். 1932 ஃபோர்டைப் புகழ்ந்து பீச் பாய்ஸ் 1963 இல் பாடினார்கள், அதே ஃபோர்டு 1/25 கிட்டாகவும் கடையில் கிடைத்தது. லாரிக்காரர்களின் ரேடியோப் பேச்சை வைத்து 1975 இல் ‘கான்வாய்’ பாட்டு வந்தது, ஏ.எம்.டி.யின் பீட்டர்பில்ட் கிட்டை ஒட்டுகிறவருக்கு அது போதும். நமக்கு அம்பாசடருக்கென்று பாட்டு தேட வேண்டியதில்லை. 1/24 இல் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் நீளம் வரும் அந்தக் காரைச் செய்யும்போது எம்.எஸ்.வி.யின் அறுபதுகளை ஓடவிட்டால், எந்த நிறம் அடிப்பது என்ற குழப்பம் தானாகத் தீரும். மெட்டாலிக் சிவப்பில் கை போகாது. லாரிக்கு ராஜா இங்கேதான் வருகிறார். எண்பதுகளின் லாரி கேபினுக்குள் கேசட் டெக், ஊதுபத்தி ஸ்டாண்ட், கண்ணாடி மேல் மாலை எல்லாம் எங்கே இருந்தன என்று அவர் பாட்டு நினைவுபடுத்தும். யோசிக்கும் நேரத்துக்கு ராஜா, செய்யும் நேரத்துக்கு வேறு ஆள்.

பெயின்ட் ஸ்பிரே செய்யும்போது இந்தப் போட்டியே ரத்து. கம்ப்ரசர் ஓடினால் எந்தப் பாட்டும் கேட்காது, முகமூடிக்கு மேல் ஹெட்போன் மாட்டினால் இரண்டும் சரியாக உட்காராது. தவிர, ஏர் பிரஷ் தடங்கும்போது வரும் தெறிப்புச் சத்தத்தைக் காது முதலில் பிடிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரிவதற்குள் சொட்டு விழுந்திருக்கும். எங்கள் ஊரில் இன்னொரு சங்கடம் சாரல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியாக ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் லாக்கர் பெயின்ட் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பு லாரி சாம்பல் பூத்துவிடும். ஆகவே சாரல் மாதங்களில் ஸ்பிரே இல்லை, வெட்டும் தேய்ப்பும் மட்டும். காவடிச்சிந்தின் சீசன் என்று சொல்லலாம். வெயில் மாதங்களில் ஸ்பிரேயும் எழுத்து வேலையும், அப்போது ஆலாபனை.

கடைசிப் போட்டி, போனா ரேடியோவா. போனில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது, அதுதான் அதன் குறை. பிடிக்காத பாட்டு வந்தால் மாற்றத் தோன்றும், மாற்றக் கை வேண்டும், கையில் ஃபெவி குவிக் இருக்கும். பாட்டு முடிந்து விளம்பரம் வந்தால் மறுபடி கை. வாட்ஸ்அப் சத்தம் வந்தால் சொல்லவே வேண்டாம். ரேடியோவில் தேர்வு நம்முடையது அல்ல. திருநெல்வேலி வானொலி போடுவதைக் கேட்க வேண்டியதுதான். மாற்ற நினைத்தால் ஒரு குமிழ், விரலின் பின்பக்கத்தால்கூடத் திருப்பலாம். நடுவில் உழவர்களுக்கு ஏதாவது சொல்வார்கள், செய்தி வரும். பெயின்ட் காயக் காத்திருக்கும் நேரத்துக்குப் பேச்சைவிட நல்ல துணை இல்லை, பாட்டு என்றால் எடுத்துத் தொட்டுப் பார்க்கத் தோன்றிவிடும்.

புதிதாக மேசை போடுகிறவர் ஒரே ஒரு பொருளுக்குப் பணம் ஒதுக்க முடியும் என்றால், நல்ல ஸ்பீக்கரை விட்டுவிட்டுக் குமிழ் வைத்த சின்ன ரேடியோவை வாங்குங்கள். மீதிப் பணத்துக்கு 2000 நம்பர் தாள் நாலு கூடுதலாக வரும்.