கேப் டவுன் மொபைல் கண்காட்சி: கடைக்காரன் பார்வையில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். நவம்பர்தோறும் கேப் டவுன் மாநாட்டு மையத்தில் நடக்கும் ஆப்பிரிக்கா டெக் ஃபெஸ்டிவல் கண்காட்சிக்கு, செல்போன் கவர் மொத்த விலைக்குக் கிடைக்கும் என்று யாராவது கிளம்பினால் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். அங்கே டவர், ஃபைபர், சாட்டிலைட், மொபைல் பணம், இவைதான் பேச்சு.

எனக்குப் பிடித்தது, கரண்ட் போனால் செல்போன் டவரை ஓட்டும் பேட்டரிகளின் ஸ்டால். நின்றிருந்த பெண் நம்ம டர்பன் ஃபீனிக்ஸ் பக்கம். பாட்டியிடம் பழகிய தமிழில், "அண்ணா, கரண்ட் போறதவிட களவுதான் தலைவலி" என்றார். ஈய பேட்டரி முழுசாக ஏற 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2023 மின்வெட்டில் அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். லித்தியம் சீக்கிரம் ஏறும், ஆனால் விலை கூடுதல், அது கள்ளனுக்கும் தெரியும். அதனால் பேட்டரியைச் சுற்றி கான்கிரீட்டே ஊற்றிவிடுகிறார்கள். மாதிரிக்கு வைத்திருந்த கட்டியின் ஓரத்தில் கடப்பாரை கொத்திய தழும்பு!

கென்யாக்காரர் ஒருவரிடம், 2007-இல் உங்கள் ஊரில் வந்து பிடித்துக்கொண்ட எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை இங்கே 2010-இல் வந்து 2016-இல் ஏன் மூடியது என்று கேட்டேன். "உங்களிடம் பேங்க் கார்டு இருக்கே!" என்று சிரித்தார். சரியான பதில்தான்.

ஒரு ரூட்டர் ஸ்டாலில் மட்டும் என் நுழைவு அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு, சின்னக் கடை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போகட்டும். விசிட்டிங் கார்டு நிறைய எடுத்துப் போங்கள்; மேடைப் பேச்சைவிட காபி வரிசையில்தான் ஆள் பிடிக்க முடியும்.