காரைக்குடியிலிருந்தே ஜிமேட்: ஃபைனான்ஸ்காரர்களுக்கு ஒத்துவருமா?

ஃபைனான்ஸ் வேலையை விட்டு எம்பிஏ போகலாமா என்று ஊசலாடுபவர்களுக்கு, உலகெங்கும் எம்பிஏ சேர்க்கைக்கு ஏற்கப்படும் ஜிமேட் தோதான நுழைவுத் தேர்வு. ஐஐஎம்களுக்கான கேட் (CAT) மதிப்பெண் அந்த வருடச் சேர்க்கையோடு சரி. ஜிமேட் மதிப்பெண் 5 ஆண்டு செல்லும். கட்டணம்தான் தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட்டோடு பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும். தமிழ்நாட்டுக் கல்லூரி போதுமென்றால் இந்தச் செலவே வேண்டாம்.

மூன்று பகுதி, தலா 45 நிமிடம், மொத்தம் 64 கேள்வி. குவான்ட் என்ற கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. எக்செல்லிலேயே ஊறிய கைக்குப் பின்னக் கணக்கு முரண்டு பிடிக்கும். தரவுகளை அலசும் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் கால்குலேட்டர் உண்டு, ஆனால் வம்பு வேறு. 'டேட்டா சஃபிஷியன்சி' கேள்விகள் கேட்பது, கொடுத்த தகவல் விடைக்குப் போதுமா என்று மட்டுமே. நம்மாட்கள் பழக்கதோஷத்தில் விடையையே கண்டுபிடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். நேரம் அங்கேதான் கரைகிறது. நேரம் மிஞ்சினால் ஒரு பகுதிக்கு 3 விடை வரை மாற்றலாம்.

வீட்டிலிருந்தே எழுதலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பங்காளிகள் வந்துபோகும் வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) உட்கார்ந்து எழுத முடியாது. கதவு சாத்தும் தனி அறை வேண்டும். ஆச்சி காப்பியோடு நுழைந்தாலே தேர்வு ரத்தாகலாம். கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும், ரவுட்டர் தாங்காது. அதற்கும் யுபிஎஸ் போடுங்கள்.

அடையாளத்துக்கு பாஸ்போர்ட் மட்டுமே, ஆதார் செல்லாது. பதிவில் வெறும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயருமாக இருந்தால், தேர்வு நாளுக்கு முன்பே திருத்திவிடுங்கள்.