உபுண்டு டூ-ரிலீஸ்-அப்கிரேட்: ரீபூட் வரைக்கும் நல்ல துணை, அதுக்கப்புறம் நீங்களாச்சு

உபுண்டு (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்) 22.04 வெர்ஷன்ல ஓடிட்டு இருந்த மூணு சர்வர 24.04க்கு ஏத்தினேன். மூணும் எங்கயோ ஒரு டேட்டா சென்டர்ல கிடக்கு, ஏதாவது ஆச்சுன்னா போய் மானிட்டர் மாட்டிப் பாக்கவெல்லாம் வழியே இல்ல. யூஸ் பண்ணது உபுண்டு கூடவே வர்ற டூ-ரிலீஸ்-அப்கிரேட் (do-release-upgrade) கமாண்ட் தான், அடுத்த வெர்ஷனுக்கு ஏத்தறது அதோட வேலை. என் மார்க் 5க்கு 4.

முதல்ல நல்லத சொல்லிடறேன். எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து சர்வர்ல லாகின் பண்ற முறை) வழியா ஓட்டறோம்னு அதுவே கண்டுபிடிச்சு, 1022 போர்ட்ல இன்னொரு எஸ்எஸ்எச் சர்வர ஸ்டார்ட் பண்ணி வைக்குது. ஆனா ஃபயர்வால்ல அந்த போர்ட்ட தானா திறக்காது, ரிஸ்க்குன்னு சொல்லி நம்ம கிட்டயே விட்டுடும், அந்த மெசேஜ படிக்காம என்டர் தட்டினா அந்த ரெண்டாவது வாசல் பூட்டியே தான் கிடக்கும். அப்புறம் மொத்த வேலையும் ஸ்கிரீன் செஷனுக்குள்ள தான் ஓடுது, அதாவது நம்ம கனெக்ஷன் அறுந்தாலும் உள்ள வேலை நிக்காது. எனக்கு பாதில நெட் போச்சு, வயிறு கலங்கிடுச்சு, திரும்ப லாகின் பண்ணி sudo screen -d -r அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி பேக்கேஜ் அன்பேக் ஆகிட்டு இருக்கு.

நடுவுல எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச் சர்வர்) கான்ஃபிக் ஃபைல மாத்தவா, பழசயே வைக்கவான்னு கேக்கும். டிஃபரன்ஸ் காட்டுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத பாத்துட்டு பழசயே வச்சுக்கிட்டேன். ரீபூட்டுக்கு முன்னாடி sshd -t அடிச்சு கான்ஃபிக்ல தப்பு இல்லன்னும் பாத்துக்கிட்டேன்.

இவ்ளோ உஷாரா இருந்தும் ரெண்டாவது சர்வர் ரீபூட் ஆகி வரவே இல்ல. பிங் அடிச்சா பதில் இல்ல, பத்து நிமிஷம், இருபது நிமிஷம், ம்ஹூம். அந்த 1022 போர்ட்டும் ரீபூட்டோட போயிடும், அதனால பிரயோஜனம் இல்ல. ஹோஸ்டிங் பேனல்ல விஎன்சி கன்சோல் (சர்வரோட ஸ்கிரீன அப்படியே காட்டறது) திறந்து பாத்தா எமர்ஜென்சி மோட்ல நிக்குது, கூடவே ரூட் (அட்மின்) அக்கவுன்ட் லாக் ஆகியிருக்குன்னு ஒரு வரி. கீ வச்சே லாகின் பண்ணி பழகிட்டதால ரூட்டுக்கு பாஸ்வேர்டே வச்சதில்ல, உள்ள எப்படி போறது? கடைசில ரெஸ்க்யூ மோட்ல பூட் பண்ணி டிஸ்க்க மவுன்ட் பண்ணி நோண்டினா, எப்பவோ கழட்டின எக்ஸ்ட்ரா டிஸ்க்கோட வரி எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது மாட்ட வேண்டிய டிஸ்க் லிஸ்ட், fstab) அப்படியே இருக்கு, டிஸ்க் இல்லன்னாலும் பூட் ஆகட்டும்னு சொல்ற நோஃபெயில் (nofail) கூட போடல. பூட்ட நடத்தற சிஸ்டம்டி (systemd), இல்லாத டிஸ்க்குக்காக 90 செகண்ட் காத்திருந்துட்டு எமர்ஜென்சிக்கு போயிடுச்சு. அப்கிரேடுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அந்த சர்வர நான் ரீபூட் பண்ணியே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அவ்ளோதான்.

அதனால மூணாவதுக்கு, ஸ்நாப்ஷாட் (சர்வரோட அப்போதைய நிலைய அப்படியே சேமிச்சு வைக்கறது) எடுத்து, ரூட்டுக்கு பாஸ்வேர்ட் வச்சு, கன்சோல்ல ஒரு தடவ லாகின் பண்ணி பாத்து, அப்கிரேடுக்கு முன்னாடியே சும்மா ஒரு ரீபூட்டும் போட்டேன். பழைய வியாதி இருந்தா அங்கயே வெளிய வந்துடும்ல.

ஒரு மார்க் ஏன் கொறச்சேன்னா, வெளி ரெப்போ (உபுண்டுவோடது இல்லாத சாஃப்ட்வேர் சோர்ஸ்) எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுது, ஒவ்வொண்ணா நாமளே ஆன் பண்ணணும். பைத்தான் 3.10ல இருந்து 3.12க்கு போறதால பழைய வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனியா வச்ச பைத்தான் ஃபோல்டர்) எல்லாத்தையும் திரும்ப கட்டணும். போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) 14 டேட்டா தானா 16க்கு போகாது, தனியா மைக்ரேட் பண்ணணும். இன்னொண்ணு, 24.04ல எஸ்எஸ்எச் சாக்கெட் வழியா ஸ்டார்ட் ஆகுது (போர்ட்ல காத்திருக்கறது சிஸ்டம்டி தான்), போர்ட் நம்பர மாத்திட்டு எஸ்எஸ்எச் சர்வீஸ மட்டும் ரீஸ்டார்ட் பண்ணா பத்தாது, டீமன்-ரீலோட் அடிச்சு எஸ்எஸ்எச் டாட் சாக்கெட்ட ரீஸ்டார்ட் பண்ணணும். இத தெரியாம ஃபயர்வால்ல பழைய போர்ட்ட மூடிடாதீங்க, நான் மூட இருந்தேன்.