300 கிலோ தாங்கும் பெஞ்சும் பதினேழாம் நம்பர் ஸ்பேனரும்

2023 பிப்ரவரியில் 5,400 ரூபாய்க்கு வாங்கிய உடற்பயிற்சிப் பெஞ்ச். இரண்டரை வருடம் தாண்டிவிட்டது. பெட்டியைப் பிரித்த கையோடு ஐந்து நட்சத்திரம் போட்டவர்களின் பேச்சைக் கேட்டுத்தான் நானும் வாங்கினேன். முதல் வாரத்தில் எந்தப் பெஞ்சும் நல்ல பெஞ்ச்தான். அதனால் நான் கொஞ்சம் ஆற அமர எழுதுகிறேன்.

வயது நாற்பத்தொன்று, எடை 84 கிலோ, உயரம் ஐந்தரை அடிக்கு ஒரு விரல் கம்மி. தூத்துக்குடியில் தரைத்தள வீடு. ஷிப்ட் வேலை என்பதால் எனக்கு நேரம் கிடைக்கும்போது ஜிம் பூட்டியிருக்கும், ஜிம் திறந்திருக்கும்போது நான் வேலையில் இருப்பேன். வீட்டில் டம்பெல்லில் மாட்டும் பிவிசி எடை பிளேட் செட் ஒன்று கிடந்தது. மேலே பிளாஸ்டிக், உள்ளே சிமெண்ட் என்று விற்பார்களே, அதுதான். தரையில் பாய் விரித்துப் படுத்து டம்பெல் பிரஸ் செய்வேன். பாதி இறங்கும்போதே முழங்கை தரையில் இடித்துவிடும், மார்புக்கு வேலையே இருக்காது. பெஞ்ச் ஆசை அப்படித்தான் வந்தது.

முதலில் தெருமுனை கிரில் பட்டறையில் விசாரித்தேன். இரண்டு இஞ்ச் ஸ்கொயர் பைப்பில் அடித்துத் தருகிறேன், 3,500 ஆகும், குஷன் உங்கள் பாடு என்றார். இரும்பு கெட்டிதான். ஆனால் முதுகுப் பலகை ஏறி இறங்காது, வெறும் தட்டைப் பெஞ்ச். அப்புறம் வி.இ. ரோட்டுப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், எடை மாட்டித் தூக்கும் நீள ராட் வைக்க இரண்டு தூண் உள்ள பெஞ்சைப் பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தனியாக ராட் தூக்குகிறவனுக்கு அது மார்பில் சிக்கிக்கொண்டால் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு என் வீட்டில் அந்த ஆளை எழுப்ப முடியாது. டம்பெல் என்றால், முடியாவிட்டால் இரண்டு பக்கமும் கீழே போட்டுவிடலாம். தரையில் ஒரு ஓடு உடையும், அவ்வளவுதான். ஆக தூண் இல்லாத, ஏற்றி இறக்கும், மடக்கும் பெஞ்ச் என்று முடிவுசெய்து ஆன்லைனில் போட்டேன்.

போடும்போது நான் பார்த்தது ஒரே ஒரு எண்: 300 கிலோ தாங்கும். பக்கத்தில் இருந்த இன்னொன்று 200 கிலோ, விலையும் எழுநூறு ரூபாய் கம்மி. நம் புத்தி எங்கே போகும்? என் எடை 84, கையில் இரண்டு டம்பெல் சேர்த்து 30, மொத்தம் 114 கிலோ. 200 கிலோ பெஞ்சே தாராளம் என்று இன்றைக்குக் கணக்குப் போடத் தெரிகிறது. அந்த 300 படுத்த நிலையிலா, சாய்த்த நிலையிலா, ஆள் எடையும் சேர்த்தா என்று எங்கேயும் எழுதவும் இல்லை. பலகையைச் சாய்த்துவிட்டால் முதுகுப் பக்கப் பாரமெல்லாம் பின்னால் உள்ள ஊன்றுகாலுக்கும், அதைப் பிடித்திருக்கும் விரல் தடிமன் இரும்புப் பின்னுக்கும் (pin) போகிறது. பெட்டியில் அச்சடித்த எண்ணுக்கும் அந்தப் பின்னுக்கும் என்ன உறவு என்று யாரும் சொல்வதில்லை.

நான் பார்க்காமல் விட்டது உயரமும் அகலமும். பெஞ்ச் வந்த பிறகுதான் டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து 48 சென்டிமீட்டர். படுத்தால் என் குதிகால் தரையில் பதியவில்லை, விரல் நுனியில் ஊன்றிக்கொண்டு இருந்தேன். சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் போட்டி விதிப்படி பெஞ்சின் உயரம் 42 முதல் 45 சென்டிமீட்டர், அகலம் 29 முதல் 32 சென்டிமீட்டர், நீளம் 1.22 மீட்டருக்குக் குறையக் கூடாது. நான் போட்டிக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் அந்த அளவுகளைக் காரணமில்லாமல் வைக்கவில்லை என்பது 48 சென்டிமீட்டரில் படுத்தவனுக்குப் புரியும். அகலம் 26 இருந்தது. தோள்பட்டை இரண்டும் ஓரத்தில் தொங்கும், டம்பெல்லோடு இறங்கும்போது ஒரு ஆட்டம் இருக்கும். உயரத்துக்கு மட்டும் வழி கண்டுபிடித்தேன்: அடியில் காலுக்கொரு பிளைவுட் துண்டு. அகலத்துக்கு இன்றுவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மாட்டிய கதைக்கு வருகிறேன். பெட்டி 14 கிலோ. உள்ளே ஒரு தாளில் படம் மட்டும், எழுத்தே கிடையாது. கூடவே தகட்டில் வெட்டிய ஸ்பேனர் ஒன்று. அதை முதலில் தூரப் போட்டுவிடுங்கள். இரண்டாவது நட்டிலேயே வாய் விரிந்துவிட்டது. இதில் பெரிய போல்ட் எல்லாம் பதினேழாம் நம்பர், குஷன் போல்ட் பதின்மூன்றாம் நம்பர். போல்ட் தலையைப் பிடிக்க ஒன்று, நட்டைத் திருப்ப ஒன்று என்று ஒவ்வொரு நம்பரிலும் இரண்டு ஸ்பேனர் வேண்டும். பக்கத்து வீட்டு மெக்கானிக் தம்பியிடம் இரவல் வாங்கினேன்.

நட் எல்லாம் நைலாக் நட். உள்வாயில் ஒரு நைலான் வளையம் இருக்கும். அது தெரியாமல், பாதி திருகியதும் இறுகவே மரை அழிந்துவிட்டது என்று நினைத்து இரண்டு நட்டைக் கழற்றிப் பார்த்தேன். அந்த இறுக்கம்தான் அதன் வேலையே. டம்பெல் வைக்கிற அதிர்ச்சிக்கு நட் கழன்று வராமல் அந்த நைலான்தான் பிடித்துக்கொள்கிறது. கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி விளையாடினால் வளையம் தேய்ந்து பிடிப்பு போய்விடும்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம், முதல் போல்ட்டிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியது. ஏழு போல்ட் ஜம்மென்று ஏறின. எட்டாவது ஓட்டை மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றது. பெஞ்சைத் தலைகீழாகப் போட்டு, முட்டுக்கொடுத்து, சுத்தியலால் தட்டி, போல்ட் முனை மரையைக் கொஞ்சம் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், பதில் வரவில்லை. இரவு பத்து மணிக்கு அந்தத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் லூஸ் பண்ணுங்கண்ணே" என்றான். எல்லா நட்டையும் விரலால் திருகும் அளவுக்குத் தளர்த்தினோம். எட்டாவது போல்ட் வெண்ணெயில் போவதுபோலப் போனது. பிறகு பெஞ்சைத் தரையில் நிற்கவைத்து என்னை மேலே உட்காரச் சொன்னான். என் எடைக்கு நான்கு முனையும் தரையில் படிந்த பிறகு, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினான். மூன்று மணி நேரமாக நான் மல்லுக்கட்டியதை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனான். இரண்டு ஓட்டையில் பவுடர் கோட்டிங் தடிப்பாகப் படிந்திருந்தது, அதை மட்டும் உருண்டை அரத்தால் இழைக்க வேண்டியிருந்தது.

முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் பலகை ஏறி இறங்கும் இடத்தில் கீச்சுச் சத்தம். சைக்கிள் கடை கிரீஸ் ஒரு விரல் தடவியதும் நின்றது. சாய்மானம் ஏழு நிலை என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். நான் பயன்படுத்துவது மூன்றுதான்: தட்டை, ஓரளவு சாய்வு, உட்கார்ந்து தோளுக்குச் செய்ய ஏறக்குறைய நிமிர்ந்த நிலை. 45 டிகிரி என்று எழுதிய ஓட்டையில் போன் ஆப் வைத்துப் பார்த்தால் 52 காட்டியது. அந்தச் சாய்வில் மேல் மார்பைவிடத் தோளுக்குத்தான் வேலை அதிகம் போகும். இப்போது அதற்குக் கீழ் ஓட்டையைத்தான் பயன்படுத்துகிறேன். சாய்க்கும்போது இருக்கைக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விழுகிறது. அங்கே ஒரு துண்டை மடித்துச் செருகிக்கொள்கிறேன்.

நான்காவது மாதம் என் மகன் பெஞ்சைக் கவிழ்த்தான். ஏழாம் வகுப்புப் பையன், ஷூ லேஸ் கட்டத் தலைப்பக்க முனையில் போய் உட்கார்ந்தான். இருக்கைப் பக்கம் அப்படியே மேலே கிளம்ப, ஆள் பின்பக்கம் குத்தத் தரையில். அடி ஒன்றும் இல்லை, சிரிப்புத்தான். ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் டம்பெல்லைத் தொடையில் வைத்துக்கொண்டு பின்னால் சாயும்போது நானும் கொஞ்சம் தலைப்பக்கம் நகர்ந்து படுப்பது உண்டு. பின்கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். மடக்க வசதியாக இருக்கட்டும் என்று ஓர் அடி உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள். தலைப்பக்கம் ஓர் அடிப் பலகை அந்தரத்தில் நிற்கிறது. 300 கிலோ தாங்கும் பெஞ்ச், முனையில் 35 கிலோவுக்கே எழுந்துகொள்கிறது.

தூக்கிக்கொண்டு அதே கிரில் பட்டறைக்குப் போனேன். "அன்னிக்கே நான் அடிச்சுத் தாறேன்னு சொன்னேம்லா" என்று ஆரம்பித்தவர் முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. பின்காலை முனைவரை நீட்டி ஒரு குறுக்குப் பைப் வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார், 300 ரூபாய். அதற்கப்புறம் பெஞ்ச் மடங்காது. மடக்கியே நான்கு தடவைதான் இருக்கும், அதனால் வருத்தமில்லை. வெல்டிங் சூட்டில் பவுடர் கோட்டிங் கருகிய இடத்தில் சில்வர் பெயிண்ட் அடித்தேன். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அந்த இடம்தான் முதலில் துருப்பிடித்தது. வருடத்துக்கு ஒருமுறை உப்புத்தாள் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிறேன்.

பிறகு 2023 டிசம்பர் வந்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தெற்கத்திக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் ஹாலில் ஓர் அடித் தண்ணீர். கட்டில் மேல் சாமான் ஏற்றி இடம் போதாமல் பெஞ்சை நடு ஹாலில் போட்டு, 26 கிலோ அரிசி மூட்டை, இன்வெர்ட்டர் பேட்டரி, மிக்ஸி, பையனின் புத்தகப் பை எல்லாம் அடுக்கினோம். எனக்கு உயரம் அதிகம் என்று திட்டிய அந்த 48 சென்டிமீட்டரால் ஒரு புத்தகம்கூட நனையவில்லை.

தண்ணீர் வடிந்ததும் துணியால் துடைத்துவிட்டு, சரி, முடிந்தது என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்துக் கூட்டுவதற்காகப் பெஞ்சைச் சாய்த்தால், காலிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் ஒழுகுகிறது. பைப் முனையில் பிளாஸ்டிக் மூடி இருப்பதால் உள்ளே போன வெள்ளம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்று துருவேற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மூடிகளைப் பிடுங்கி, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் தலைகீழாக நிறுத்தி, மெக்கானிக் தம்பி கொடுத்த கழிவு ஆயிலை உள்ளே ஊற்றிச் சுழற்றி வடித்தேன். அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டை ஒன்றும் போட்டான். வெள்ளத்தில் நின்ற சைக்கிள், இரும்பு நாற்காலி எது வைத்திருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள்.

ஒன்றரை வருடத்தில் இருக்கையின் ரெக்ஸின் ஓரம் வெடித்தது. பைக் சீட் கவர் போடும் கடையில் கொடுத்தேன். அவர் பழையதை உரித்ததும் உள்ளே இருந்தது பிளைவுட் இல்லை, மரத்தூள் பலகை. வேர்வை இறங்கி ஓரமெல்லாம் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. போல்ட்டைப் பிடிக்கும் டீ நட் பலகையில் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் ஆடிய ஆட்டம் அதனால்தான். நான் வேலையற்று வாராவாரம் பைப் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பலகைக்கும் 12 மில்லிமீட்டர் பிளைவுட், கெட்டி ஃபோம், புது ரெக்ஸின் சேர்த்து 850 வாங்கினார். வந்தபோது இருந்ததைவிட இப்போதுதான் பெஞ்ச் பெஞ்சாக இருக்கிறது. கடையில் நேரில் வாங்குகிறவர்கள் பலகையைத் திருப்பி, அடித்துணியை லேசாக விலக்கிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

நட், வாஷர் சில்லறை 70 சேர்த்து ஆகமொத்தம் 6,620 ரூபாய். ஜிம்முக்கு மாதம் 800 வீதம் கட்டியிருந்தால் இந்நேரம் 24,000 ஆகியிருக்கும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் நான் போனதே கிடையாது என்பதை வீட்டில் இன்னும் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி. வீட்டில் இருக்கும் நாற்காலி, சோபா எல்லாவற்றையும்விட "இதுலதான் எந்திரிக்கச் சொகமா இருக்கு" என்று கண்டுபிடித்துவிட்டார். காலையில் நான் டம்பெல்லோடு வரும்போது முருங்கைக்கீரையை மடியில் வைத்து ஆய்ந்துகொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். "இந்தக் கட்டு முடியட்டும்லே" என்பார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தண்டால் எண்ணிக்கையைத் தள்ளிப்போட்டபடி இரண்டு காம்பை நானும் உருவிப் போடுவேன்.