பத்து நாள் விபாசனா முகாம்: மனம் அடங்குமா?

சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையம் எஸ்.என். கோயங்கா என்ற தியான ஆசிரியரின் மரபில் பத்து நாள் விபாசனா முகாமை நடத்துகிறது. உடலில் எழும் உணர்வுகளை உள்ளபடியே கவனிக்கும் தியானம்தான் விபாசனா. மற்ற ஊர்களில் உள்ள இதே மரபின் மையங்களிலும் பாடம், கால அட்டவணை, ஒலிப்பதிவு எல்லாம் ஒன்றுதான். எந்த மையத்துக்கு விண்ணப்பித்தாலும் இந்த மதிப்புரை பொருந்தும்.

முதலில் காசு விஷயம். கட்டணம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் முன்பு முகாம் முடித்தவர்கள் கொடுத்த நன்கொடையில் நடக்கின்றன. ஒரு முகாமையாவது முழுதாக முடிக்காதவரிடம் நன்கொடை வாங்குவதில்லை. சமையலும் பரிமாறலும் பழைய மாணவர்களின் சேவை. மனநிம்மதியை ஆயிரக்கணக்கில் விலைபேசும் காலத்தில் இந்த ஏற்பாடு மனதாரப் பாராட்ட வேண்டியது.

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4:30-க்கு முதல் அமர்வு, இரவு 9:30-க்கு விளக்கணைப்பு. நடுவில் தியானம் மட்டும் ஏறக்குறைய பத்து மணி நேரம். போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். பத்தாம் நாள் காலை வரை பேச்சு இல்லை, சைகையும் இல்லை. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம். தேவைக்கு நிர்வாகியிடம் சொல்லலாம். காலை உணவு 6:30, மதிய உணவு 11 மணி. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும் உண்டு. பழையவர்களுக்கு எலுமிச்சைச் சாறு போன்ற பானம் மட்டும்.

முதல் மூன்று நாளும் ஆனாபானா: மூச்சு வருவதையும் போவதையும் பார்ப்பது, அவ்வளவே. மூக்கும் மேலுதடும் சேர்ந்த முக்கோணத்தில் தொடங்கி, மூன்றாம் நாளில் மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சிறிய இடத்துக்குக் கவனத்தைச் சுருக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். மூச்சைக் கவனிக்கச் சொன்னால் மூச்சை இழுத்துவிட ஆரம்பித்துவிடுகிறோம். பிராணாயாமப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். மூச்சு தட்டுப்படாவிட்டால் இரண்டு மூன்று முறை சற்று அழுத்தி விட்டுப் பார்த்து, உடனே இயல்பான மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அடுத்த தவறு, எண்ணங்களை விரட்டப் பார்ப்பது. விரட்டுவதும் ஓர் எண்ணம்தானே! மனம் ஓடியது தெரிந்ததும் கடிந்துகொள்ளாமல் திரும்பி வருவதே பயிற்சி. ஒரு மணி நேரத்தில் நூறு முறை திரும்பினால் நூறு முறை பயிற்சி செய்ததாகக் கணக்கு.

முதல் இரண்டு நாளில் மனம் முன்பைவிட அதிகம் இரைவது போலிருக்கும். பேச்சு, போன், வாசிப்பு என்று அது வழக்கமாகத் தப்பிக்கும் வழிகள் எல்லாம் அடைபட்டதால் அப்படி. முறை தவறிவிட்டதென்று நினைத்து மூட்டை கட்ட வேண்டாம்.

நான்காம் நாள் மதியம் விபாசனா தொடங்குகிறது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தி, அங்கே தெரியும் வலி, சூடு, அரிப்பு போன்ற உடல் உணர்வை வேண்டும், வேண்டாம் என்னாமல் பார்ப்பது. ஒன்றும் தெரியாத இடத்தில் ஒரு நிமிடம் வரை நின்று பார்த்துவிட்டு நகரலாம். அதன்பின் தினமும் மூன்று அமர்வுகளில் ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கை, கால் அசைக்காமல் உட்காரச் சொல்வார்கள். முழங்கால் வலி உயிரை வாங்கும். இருக்கையை மெத்தென்று அடுக்கினால் அது அமுங்கி முதுகு வளைந்துவிடும். கெட்டியான ஒன்றின் மேல், இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். மூட்டுப் பிரச்சினை இருந்தால் கூச்சப்படாமல் முதல் நாளே நாற்காலி கேளுங்கள். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டால் ஒரு மணி அமர்வில் தூங்கி வழிவது நிச்சயம். முக்கால் வயிறு போதும்.

குறைகளும் உண்டு. வழிகாட்டல் முழுவதும் கோயங்காவின் ஒலிப்பதிவுதான். அவர் 2013-ல் மறைந்துவிட்டார். நேரில் இருக்கும் ஆசிரியரிடம் சில நிமிடங்கள் பேசலாம். பெரும்பாலும் 'தொடர்ந்து செய்யுங்கள்' என்ற பதிலே கிடைக்கும். தனக்கென்று நுணுக்கமான திருத்தம் எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான். மதச்சார்பு இல்லை என்று சொன்னாலும் மாலை உரைகளில் புத்தரும் மறுபிறவியும் நிறையவே வருவார்கள். நடைபயிற்சி தவிர வேறு உடற்பயிற்சிக்கு அனுமதி இல்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடுமையான மனச்சோர்வு, பீதித் தாக்குதல், மனநோய் சிகிச்சை வரலாறு உள்ளவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்கவே கூடாது. பத்து நாள் மௌனம் சிலருக்கு நோயைக் கிளறிவிடும். மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிட்டும் போகாதீர்கள்.

வீட்டில் தினமும் இருபது நிமிடம் ஆனாபானா செய்து, ஒரு மாதமாவது பழகிவிட்டுப் போனால் முதல் மூன்று நாள் வீணாகாது. தளர்வான பருத்தி உடை, சால்வை, டார்ச், வழக்கமான மருந்துகள் எடுத்துக்கொள்ளுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம். முகாம் முடிந்ததும் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். வேலை, குழந்தை என்று இருப்பவர் அதற்கே முயன்று ஒரு வாரத்தில் மொத்தமாக விட்டுவிடுவதைவிட, போனைத் தொடுமுன் காலை அரை மணி நேரத்தை விடாமல் பிடித்துக்கொள்வது நல்லது. விண்ணப்பம் இணையத்தில்தான், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், காத்திருப்போர் பட்டியலில் பெயர் போட்டு வைக்கலாம். பத்து நாளோடு வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் உண்டு, பன்னிரண்டு நாள் விடுப்பு எடுங்கள்.