முதியவர்களுக்கு வேன் விடுவதா, வீடு தேடிப் போவதா?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பல சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்விட்டார்கள். ஊரில் இருப்பது வயதானவர்கள். அவர்களை ஞாயிறு ஆராதனைக்கு அழைத்து வர வேன் விடலாமா, சபையார் அவர்கள் வீட்டுக்கே போகும் சந்திப்பை வலுப்படுத்தலாமா?

செலவு
வேன்: வாடகை, டீசல், டிரைவர் சம்பளம், வாராவாரம்.
சந்திப்பு: பைக்குக்குப் பெட்ரோல் போதும். ஆனால் ஆள் வேண்டும்.

உடல்
வேன்: படி உயரம். முழங்கால் வலிக்காரருக்கு ஒரு முக்காலியும், கைபிடிக்க ஒருவரும் கட்டாயம். ஆலயத்தில் சாய்வுப் பாதையும் கழிப்பறையும் இல்லையென்றால் அழைத்து வந்தும் பயனில்லை.
சந்திப்பு: படுக்கையில் இருப்பவருக்கும் எட்டும்.

திருவிருந்து
வேன்: அப்பமும் திராட்சரசமும் சபையோடு சேர்ந்தே கிடைக்கும்.
சந்திப்பு: சபை ஊழியர் வேதம் வாசிக்கலாம், ஜெபிக்கலாம்; ஆனால் திருவிருந்துக்குக் குருவானவர் வரவேண்டும். அவர் பொறுப்பில் உள்ள ஒரு சேகரத்தில் பல ஊர்கள் இருக்கும். முன்கூட்டியே நாள் குறிக்காவிட்டால் மாதங்கள் ஓடிவிடும்.

தனிமை
வேன்: இதில் வேன்தான் மேல். பழைய கூட்டாளிகளைப் பார்ப்பதும், கீர்த்தனையைச் சேர்ந்து பாடுவதும் யூடியூப் நேரலையில் கிடைக்காது.
சந்திப்பு: மாத்திரை தீர்ந்தது, பென்ஷன் வரவில்லை போன்ற சங்கதிகள் வீட்டில் உட்கார்ந்து பேசினால்தான் வெளியே வரும். ஐந்து நிமிட ஜெபத்தோடு எழுந்துவிட்டால் அதுவும் இல்லை.

நடக்க முடிந்தும் பஸ் ஏற முடியாதவர்கள் அதிகமென்றால் வேன் சரி. படுக்கையில் இருப்பவர்கள், மறதி நோய் உள்ளவர்கள், அவர்களைக் கவனிக்கும் துணைவர்கள் என்றால் சந்திப்பு. பணம் ஒன்றுக்குத்தான் என்றால் நான் சந்திப்பையே முதலில் தொடங்கச் சொல்வேன். வர முடிந்தவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவிலாவது கூட்டி வந்துவிடுவார்.