டயர் மாத்திப் போடக் கொடுத்த பிக்கப்பை ஆயில் சம்ப்ல ஜாக்கி வச்சுத் தூக்கிட்டாங்க, 38,500 போச்சு

பிக்கப் வச்சிருக்கிறவங்க டயர் கடையில வண்டியை விடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. கடை பேர் போடல. டயர், அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் ஒரே இடத்துல பண்ற பெரிய கடை, அவ்வளவுதான் சொல்வேன். டயர்களை முன்னும் பின்னும் இடம் மாத்திப் போடத்தான் கொடுத்தேன். அதுல எனக்கு வந்த நஷ்டம் 38,500.

வண்டியை விடும்போதே சூப்பர்வைசர்கிட்ட தெளிவா சொன்னேன். ‘இது கார் மாதிரி இல்லைங்க, சேஸ் மேல பாடி உட்கார்ந்திருக்கிற வண்டி. கதவுக்குக் கீழ இருக்கிற தகட்டுலயோ சைடு ஸ்டெப்லயோ ஜாக்கி வைக்காதீங்க. முன்னாடி தூக்கினா முன் சக்கரத்துக்குப் பின்னால சேஸ் சட்டத்துல வைங்க. பின்னாடின்னா ஆக்சில் குழாய்ல, ஸ்பிரிங் பட்டைக்குப் பக்கத்துல.’ மேனுவல்ல அந்தப் படம் இருக்கிற பக்கத்தையே விரிச்சுக் காட்டினேன். அவர் அதைக் கையில வாங்கி, படத்து மேல விரல் வச்சுப் பார்த்து, வேலை பார்க்கிற பையனைக் கூப்பிட்டு அவன்கிட்டயும் காட்டினார். ‘கவலையே வேண்டாம் சார், இந்த வண்டியெல்லாம் தினமும் தூக்குறோம். நீங்க உள்ள போய் உட்காருங்க’ன்னார். படத்து மேல விரல் வச்சுப் பார்த்தாரே, அதுலதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. சொன்னதைக் காதுல வாங்கிக்கிற ஆளுன்னு நினைச்சேன்.

நான் உள்ள போனதும் அவங்க பண்ணது வேற. ட்ராலி ஜாக்கியை முன் பம்பருக்கு அடியில நேரா தள்ளி, ரெண்டு முன் சக்கரத்தையும் ஒரே தூக்குல மேல ஏத்தப் பார்த்திருக்காங்க. என் வண்டியில முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைத் தாண்டினா அடுத்து ஆயில் சம்ப். இன்ஜின் ஆயில் தேங்குற மெல்லிய தகட்டுத் தொட்டி அது. கிட்டத்தட்ட 2 டன் வண்டியோட முன்பாரம் முழுக்க அந்தத் தகட்டு மேல ஏறியிருக்கு. தகடு உள்வாங்கி, ஆயிலை உறிஞ்சுற சல்லடையில போய் முட்டிருச்சு. சல்லடைக்கும் தொட்டி அடிக்கும் நடுவுல இருக்கிறதே சில மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளி அடைஞ்சா பம்புக்குப் போதுமான ஆயில் ஏறாது. ஒரு சொட்டு ஒழுகல, வெளியில பார்த்தா எதுவும் தெரியாது. டயரை மாட்டி, துடைச்சு, சிரிச்ச முகமா சாவியைக் கொடுத்துட்டாங்க.

நல்லா ஓடி இன்ஜின் சூடான பிறகு, வண்டியை நிறுத்தி ஐட்லிங்ல விட்டப்ப ஆயில் லைட் மினுக்மினுக்னு எரிஞ்சுது. இன்ஜின் மேல்பக்கம் வால்வுகிட்ட டக்டக்னு டப்பெட் சத்தமும் வந்துச்சு. அங்கேயே இன்ஜினை அணைச்சேன். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தா அளவு சரியா இருக்கு. இழுவை வண்டி வச்சு வேற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்க மெக்கானிக் அடியில லைட் அடிச்சுக் காட்டினார். சம்ப் அடியில உள்ளங்கை அளவுக்கு வட்டமா ஒரு பள்ளம். அந்த வட்டத்தோட ஓரத்துல ஜாக்கித் தலையில இருக்கிற பல் ஒவ்வொண்ணும் தனித்தனியா பதிஞ்சிருக்கு. பெயின்ட் உரிஞ்ச இடம் பளபளன்னு புதுசா இருந்துச்சு, துருவே இல்ல. சம்ப்பைக் கழட்டணும்னா இன்ஜினை அதைத் தாங்குற மவுன்ட்லேர்ந்து கொஞ்சம் தூக்கணும். சம்ப், சல்லடை, ஆயில், ஃபில்டர், கூலி, இழுவை எல்லாம் சேர்த்துத்தான் அந்த 38,500.

போட்டோவோட கடைக்குப் போனேன். என் மேனுவல்ல விரல் வச்ச அதே சூப்பர்வைசர், ‘ரோட்டுல கல் அடிச்சிருக்கும் சார்’ங்கிறார். கல் எப்படிங்க வட்டமா, பல் பல்லா பதியும்? உங்க ஜாக்கியைக் கொண்டுவாங்க, தலையை அளந்து பார்ப்போம்னேன். ‘ஜாக்கி வேலையில இருக்கு.’ அந்தப் பையனைக் கூப்பிடுங்கன்னேன். ‘அவன் வேலையை விட்டு நின்னுட்டான்.’ கேமரா பதிவைக் கேட்டேன். ‘அழிஞ்சு போயிருக்கும்.’ மேனேஜர் நம்பர் ஒண்ணு கொடுத்தாங்க. முதல் தடவை ‘பார்த்துட்டுக் கூப்பிடுறேன்’னார், அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. கடைசியா அடுத்த தடவை அலைன்மென்ட் இலவசமா பண்ணித் தர்றோம்னு மெசேஜ் வருது. என் 38,500-க்கு அதான் பதிலா? அந்த லைட்டைக் கவனிக்காம ஓட்டியிருந்தா பேரிங் கடிச்சு இன்ஜினே போயிருக்கும்.

எப்படித் தூக்கணும்னு முழுசா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், இப்ப பொறுமை இல்ல. முக்கியமானதை மட்டும் சொல்லிடுறேன். சம்ப், கியர்பாக்ஸ், சைடு ஸ்டெப், பாடித் தகடு, இது எதுலயும் ஜாக்கி படக்கூடாது. பின்னாடி நடுவுல உருண்டையா இருக்கிற டிஃபரன்ஷியல்ல மேனுவல் சொன்னா ஒழிய வைக்க விடாதீங்க. இடம் மாடலுக்கு மாடல் மாறும், உங்க வண்டி மேனுவலைத்தான் பார்க்கணும்.

பின்பக்கத்தைத் தூக்கினா முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கட்டாயம். பெரும்பாலான பிக்கப்ல ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அது தரையை விட்டு எழும்பிட்டா வண்டியைப் பிடிக்க ஆளில்ல. கியர்ல போட்டிருக்கேன்னு நம்பாதீங்க, ஒரு பின் சக்கரம் அந்தரத்துல இருந்தா இன்னொண்ணு உருளும். வீல் நட்டை சக்கரம் தரையில இருக்கும்போதே லேசா தளர்த்திடணும். வண்டியைத் தாங்குற ஸ்டாண்ட் கொடுக்காம வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில போகாதீங்க.

கடையில விட்டீங்கன்னா பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, வண்டி அவங்க இடத்துல நிக்கும்போதே, குனிஞ்சு அடியில போனை நீட்டி வீடியோ எடுத்துடுங்க. விடுறதுக்கு முன்னாடியும் ஒண்ணு. நான் எழுத்துல புகார் கொடுத்திருக்கேன், 38,500-ம் திரும்ப வேணும்னு. இன்னும் பதில் வரல.